உலோகம் சேர்க்காத வினை

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ, அண்ணி, சின்னவள் மூவரும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம்போல், எனக்குக் கோபம் வழக்கம்போல். மற்றபடி குறையில்லை.

போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். யார் சொல்வதும் யாருக்கும் கேட்பதில்லை. கடைசியில் அம்மா பிடுங்கி வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். தபால் உன் ஊர் வந்து சேர எட்டு ஒன்பது நாள் ஆனாலும் பரவாயில்லை, இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும்.

விஷயம் உன் வினை. ஆறு வருடத்துக்கு முன் இதே ஆய்வகத்தில், இதே பேராசிரியரிடம், இப்போது நான் நிற்கும் இதே மேசையில் நீ கண்டுபிடித்தது. இரண்டு கார்பன் வளையங்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்க உலகமே பல்லேடியம் என்ற உலோகத்தைத் துளியாவது போட்டுக்கொண்டிருந்தது. நீ போடாமலே ஒட்ட வைத்தாய். அதற்குத்தான் உனக்கு டாக்டர் பட்டம். பேராசிரியர் இன்றும் அந்தக் கட்டுரையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரியாத குறைதான்.

நான் கட்டப்போகும் மருந்து மூலக்கூறுக்கு உன் வினைதான் முதல் படி. அதற்கு மேல் இன்னும் ஆறு படி இருக்கிறது. முதல் படியிலேயே வழுக்கி விழுந்துகொண்டிருக்கிறேன். பதினான்கு தடவை செய்தாயிற்று. பதினான்கு தடவையும் குடுவையின் அடியில் தார் மாதிரிக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பேராசிரியர் என்ன சொல்கிறார் தெரியுமா? "உங்க அண்ணன் கைக்கு வந்தது உன் கைக்கு ஏன்மா வரல? கை சுத்தமா இருக்கணும்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாரை அவர் மேசையில் கொட்டலாமா என்று இருந்தது.

மே மாதம் ஆய்வுக் குழு கூடுகிறது. ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு என் பதிவு முடிகிறது. அதற்குள் இந்த வினை வராவிட்டால் ஐந்து வருடப் படிப்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீ ஆய்வேட்டில் எழுதாமல் விட்ட ஏதாவது உண்டா? சின்ன விஷயமாக இருந்தாலும் எழுது.

சின்னவளுக்கு அத்தையின் முத்தம்.

உன்னைத் தொல்லை செய்வதற்கென்றே பிறந்த,
கொசு


பிப்ரவரி 3

அன்புள்ள கொசுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் நண்டு ஊர்ந்த மாதிரிதான் இருக்கிறது. இங்கே மூவரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, கொஞ்சம் காற்றோடு பேசுகிறாள். அம்மா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா என்று கவனித்துக்கொள்.

பெயின்ட் தொழிற்சாலையில் என்னைத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்குத் தலைவராகப் போடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. டப்பாவில் ஒரு நிறம், சுவரில் ஒரு நிறம் என்று புகார் வந்தால் இனி நேராக என் தலையில்தான் விழும்.

உன் வினைக்கு வருகிறேன். கரைப்பானை இரண்டு முறை உலர்த்து. துளி ஈரம் இருந்தாலும் ஆகாது. காரத்தை நன்றாகப் பொடித்து, சூடாக்கி, ஆறவைத்துப் போடு. குடுவைக்குள் காற்று புகாமல் நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். எண்ணெய்த் தொட்டி நூற்றுப்பத்து டிகிரியைத் தாண்டக் கூடாது. அவசரப்படாதே, இந்த மாதிரி வினைகளுக்குப் பொறுமை வேண்டும்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள், நீ சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் நம்ப மறுக்கிறாள். பல் விழுந்த மருமகளிடம் ஒரு பாட்டுப் பாடச் சொல்லி அடுத்த முறை போனில் கேட்கிறேன்.

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டேன். கரைப்பானை இரண்டு முறை இல்லை, மூன்று முறை உலர்த்தினேன். காரத்தைப் பொடித்துப் பொடித்துக் கை காய்த்துப்போனது. இருபத்து மூன்றாவது தடவையும் தார்தான். தலைமுடியில் ஏறிய நாற்றம் மூன்று தடவை குளித்தாலும் போவதில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

நேற்று அம்மா சமையலறையில் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு வருஷமா கரிம வேதியியல், கரிம வேதியியல்னு சொல்றியே, அப்படி என்னடி அது? கரி அள்ற படிப்பா?" எனக்கு ஏற்கெனவே எரிச்சல். ஆனாலும் சொன்னேன். கார்பன் அணுவுக்கு நாலு கை இருக்கிறது. இன்னொரு கார்பனின் கையைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், சங்கிலியாக நீளும், கிளை விடும், வளைந்து வளையமாகும். வேறு எந்தத் தனிமமும் இந்த அளவுக்குத் தன் ஆட்களையே பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அதனால்தான் கார்பன் சேர்மங்கள் மட்டும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. "உன் எண்ணெய், சர்க்கரை, சோப்பு, பிளாஸ்டிக் வாளி, முட்டிவலி மாத்திரை, நீ கட்டியிருக்கிற துணி, உன் முடி எல்லாமே அதுதான்மா. இந்தச் சமையலறையில உப்பு, பாத்திரம், தண்ணி, சுவர், இதை விட்டா மிச்சம் பெரும்பாலும் கார்பன்தான்" என்றேன். அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன, ஒன்று எப்படி இன்னொன்றாக மாறுகிறது, இல்லாத ஒன்றை எப்படி நாமே கட்டுவது, இதுதான் நாங்கள் படிப்பது என்றேன்.

அம்மா வாளியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு, "ஒட்ட மாட்டேங்குதுன்னு அழுவுறியே, அந்த ரெண்டையும் சேர்த்துவைக்க நடுவுல ஆள் வேணாமா?" என்றாள். நடுவில் ஆள் என்பதுதான் உலோகம், அண்ணன் தரகரே இல்லாமல் கல்யாணத்தை முடித்தவன் என்று சொன்னேன். "அப்போ அது காதல் கல்யாணம். எல்லாருக்கும் அமையாது" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வேறு ஏதாவது யோசித்துச் சொல். சீக்கிரம் எழுது.

கொசு


ஏப்ரல் 2

அன்புள்ள கொசுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முதுகில் ஒரு பிடிப்பு, இரண்டு வாரம் நிமிர முடியவில்லை. அண்ணியும் சின்னவளும் நலம். அம்மாவின் தரகர் பேச்சைப் படித்து அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

உன் நிலைமையை நினைத்துப் பார்த்தேன். அந்த வினையை விட்டுவிடேன். ஒட்டுவதற்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன, எல்லோரும் செய்கிற மாதிரி பல்லேடியத்தைப் போட்டே செய்துவிடு. ஒன்றையே கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. வயதும் திரும்பி வராது. பேராசிரியரிடம் தன்மையாகப் பேசிப்பார், புரிந்துகொள்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கையுறை இல்லாமல் எதையும் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகுக்கு வைத்தியரைப் பார்த்தாயா? பார். நாங்கள் இருவரும் நலம்.

நான் வினைக்கு வழி கேட்டேன், நீ வாழ்க்கைக்கு வழி சொல்லியிருக்கிறாய். விட்டுவிடு என்று எத்தனை சுலபமாக எழுதிவிட்டாய்! என் ஆய்வுத் தலைப்பிலேயே 'உலோகம் சேர்க்காமல்' என்று இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் பதிவு செய்த தலைப்பு. பல்லேடியம் போட்டுச் செய்தால் அது ஊரெல்லாம் செய்கிற வேலை, அதற்கு யார் எனக்குப் பட்டம் தருவார்கள்? பேராசிரியரிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "உங்க அண்ணன் செஞ்சதை நீயே தப்புன்னு சொல்றியா?" என்று கேட்டார். நான் எப்படி அப்படிச் சொல்வேன்? உன் மேல் இருக்கிற நம்பிக்கையில்தானே இந்த மேசைக்கே வந்தேன்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அந்த வினையை நீ மொத்தம் எத்தனை தடவை செய்தாய்? எத்தனை தடவை வந்தது? உன்னைத் தவிர வேறு யாராவது செய்து அவர்களுக்கு வந்ததா?

மூன்று கேள்விதான். ஒரு அஞ்சலட்டை போதும்.

கொசு


மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஞ்சலட்டை வரவில்லை. அந்த அளவுக்கு வேலையா? அம்மா உன் உடம்புக்கு ஏதோ என்று நினைத்துக் கவலைப்படுகிறாள், அவளுக்காகவாவது எழுது.

ஆய்வுக் குழு முந்தாநாள் கூடியது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் அம்மா வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், பேசும்போது போட்டுக்கொள்வார், கேள்வி கேட்கும்போது கழற்றிவிடுவார். அதுவரை வந்த முப்பத்தாறு தோல்வியையும் அட்டவணை போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்மா, கரிம வேதியியல்னா என்ன, சொல்லுங்க" என்றார். முதல் வருடப் பையன்களிடம் கேட்கிற கேள்வி! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒருத்தருக்கு வந்தது இன்னொருத்தருக்கு வராததைப் பத்தின படிப்பு மேடம்" என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் முகம் வெளிறிப்போனது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "உயிருள்ளது மட்டும்தான் இந்தப் பொருட்களை உண்டாக்க முடியும், அதுக்கு ஏதோ ஒரு உயிர்ச்சக்தி வேணும்னு ஒரு காலத்துல நம்பிட்டிருந்தாங்க. ஒருத்தர் உயிரில்லாத உப்பிலிருந்து யூரியா செஞ்சு காட்டினார். அவர் சொன்னதால யாரும் நம்பல. மத்தவங்க செஞ்சு பார்த்தாங்க, அவங்களுக்கும் வந்துது, அதனால நம்பினாங்க. நீங்க கோபத்துல சொன்னதைத் திருப்பிப் போட்டா அதுதான் பதில்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகஸ்ட் 31 வரை கெடு கொடுத்திருக்கிறார்கள். அன்று அதே குழு மறுபடி கூடும். அன்றும் தார்தான் என்றால் பதிவு ரத்து.

உன் மூன்று பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறேன்.

கொசு


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏப்ரலில் எழுதினேன், மேயில் எழுதினேன். பதில் இல்லை. அண்ணி போனில் எல்லோரும் சுகம் என்றார், அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

வினை வந்துவிட்டது. எழுபத்தொரு சதவீதம். சுத்தமான வெள்ளைப் படிகம். சுத்தம் பார்க்கிற டி.எல்.சி. தட்டை விளக்கில் பிடித்தபோது ஒரே ஒரு புள்ளிதான் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். உடனே உனக்குத் தந்தியே அடித்திருப்பேன். பத்து நாள் ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன்.

என் மேக்னட் கழுவும்போது தொட்டி ஓட்டையில் போய்விட்டது. மாத்திரை அளவு காந்தம்தானே, வெள்ளைப் பூச்சுப் போட்டது, குடுவைக்குள் கிடந்து சுற்றிச் சுற்றிக் கலக்குவது. அவசரத்துக்கு ஒன்று கேட்டேன். கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிற அக்கா அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் கிடந்த ஒரே மேக்னட்டைப் போட்டுச் செய்தேன். வந்தது. மறுநாள் செய்தேன், வந்தது. மூன்றாம் நாள் வேறு மேக்னட்டில் செய்தேன், தார். என் கை அதே கைதான், கரைப்பானும் அதே கரைப்பான்தான்.

அந்த மேக்னட்டை ராஜ திராவகத்தில் ஊறவைத்துக் கழுவினேன். தங்கத்தையே கரைத்துவிடும் அமிலம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுவிய பிறகு அதில் வினை வரவில்லை. கழுவிய அமிலத்தைச் சோதனைக்கு அனுப்பினேன். பல்லேடியம் இருக்கிறது. மேக்னட்டின் கீறலுக்குள் இத்தனை வருடம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. உலோகம் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை அண்ணா. தரகர் மறைந்து நின்றிருக்கிறார். பேராசிரியரிடம் வினை வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன், எப்படி வந்தது என்று இன்னும் சொல்லவில்லை.

இந்தத் தப்பு யாருக்கும் நடக்கும். தெரியாமல் நடந்திருந்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

டப்பாவின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அக்கா சொன்னார்: "தம்பிதான் எழுதி ஒட்டிட்டுப் போச்சு. கழுவாதேன்னு போட்டிருந்துது, நானும் தொடல. எனக்கென்ன, ஒரு வேலை மிச்சம்." எழுத்து உன்னுடையது. 'கழுவாதே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

ஏன் கழுவக் கூடாது அண்ணா?

உன் தங்கை


ஜூலை 20

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். முதுகுப் பிடிப்பு என்று எழுதினேனே, முதுகுக்கு ஒன்றுமில்லை.

எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் பல்லேடியம் வைத்தே வேலை செய்தவர். அவர் விட்டுப்போன இரண்டு மேக்னட்டை நான் எடுத்துக்கொண்டேன். உலோகம் இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு வருடம் சத்தியமாகத் தெரியாது. கட்டுரை வந்து, பேராசிரியர் போகிற இடமெல்லாம் அதைப் பேசி, என் வாய்மொழித் தேர்வுக்கும் தேதி குறித்த பிறகு, ஒருநாள் மேசையைச் சுத்தம் செய்யும்போது ஒரு மேக்னட்டை ராஜ திராவகத்தில் போட்டேன். அன்றிலிருந்து அதில் வினை வரவில்லை. மூன்று நாள் முயன்றேன். நான்காம் நாள் புரிந்துவிட்டது.

இன்னொன்றைக் கழுவவில்லை. தேர்வாளர் தன் முன்னால் ஒரு முறை செய்து காட்டச் சொன்னார். அதில்தான் செய்து காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பெயின்ட் தொழிற்சாலையில் பட்டத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு ஊரை விட்டே வந்துவிட்டேன். அந்த மேக்னட்டைத் தூக்கிப் போட ஏன் கை வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

நீ அதே இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்ன அன்று, வேண்டாம், வேறு ஆளிடம் சேர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாய். கேட்காமல் விடுகிற ஆளா நீ? அதனால் வாழ்த்துச் சொல்லிவிட்டேன்.

என்னை ஆய்வகத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். போன மாதம்தான். அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே. என்ன செய்யலாம் என்று நீயே சொல், அப்படியே செய்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 1

அண்ணா,

அம்மாவின் முட்டி பரவாயில்லை. என்னைப் பற்றிக் கேட்காதே.

நீ செய்த தப்பை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பயந்துவிட்டாய். நானும் அந்த இடத்தில் பயந்திருப்பேன். ஆனால் ஜனவரியில் கேட்டேனே, அப்போது சொல்லியிருக்கக் கூடாதா? கரைப்பானை இரண்டு தடவை உலர்த்து என்று எழுதினாயே, எந்த முகத்தோடு எழுதினாய்? காரத்தைப் பொடி, அவசரப்படாதே, பொறுமை வேண்டும்! நான் கை காய்த்துப்போய்ப் பொடித்துக்கொண்டிருந்தேன். அது வராது என்று உனக்குத் தெரியும். நாற்பத்தொரு தடவை, அண்ணா. என் கைதான் சரியில்லை என்று நம்பி ஒருநாள் கழிப்பறையில் நின்று அழுதேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது நீயே சொல் என்று அதையும் என் தலையில் கட்டுகிறாய்.

சரி, கேள். மேக்னட்டில் உலோகம் இருந்ததைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஒரு வழி சொல்கிறார்: "எப்படி வந்தா என்னம்மா, வந்துடுச்சுல்ல? மேல ஏறு." கழுவாத பழைய மேக்னட் தேடினால் இன்னும் இரண்டு கிடைக்கும், அதை வைத்து வாயை மூடிக்கொண்டு ஆறு படியும் ஏறிவிடலாம். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. 31-ஆம் தேதி குழுவின் முன் உலோகம் இருந்ததை அதன் அளவோடு சொல்லப்போகிறேன். வினை நடக்கக் காரணம் என்ன என்று கண்டுபிடித்ததே ஒரு ஆய்வுதான், அதற்குப் பதிவை நீட்டிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நான் சொல்ல முடியாது. அதை நீதான் சொல்ல வேண்டும். பேராசிரியருக்கு உன் கையால் எழுது. 31-ஆம் தேதிக்குள் அது அவர் மேசையில் இருக்க வேண்டும். அவர்கள் என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதே. இந்த ஒன்றையாவது எனக்காகச் செய்.

தங்கை


ஆகஸ்ட் 12

அன்புள்ள கொசுவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நீ திட்டியதில் ஒரு வார்த்தை கூடுதலில்லை.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "முதல்ல உங்க தங்கச்சியைக் காப்பாத்துங்க, வேலையைப் பிறகு பார்த்துக்கலாம்" என்றாள்.

பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்தே தபாலில் போடுகிறேன். அவருக்கு எழுதியது இதுதான்: 'மேக்னட்டில் உலோகம் இருந்தது வாய்மொழித் தேர்வுக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தேன். என் தங்கை இதைத் தானாகக் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு, ஜூலை மாதம் அவளிடம் ஒப்புக்கொண்டேன். தவறு முழுவதும் என்னுடையது. இதில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை.'

பட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும். நீ தைரியமாகப் போய் நில்.

அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 1

அண்ணா,

நீயும் உன் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். கடிதம் எழுத முடியாத அளவுக்கு உடம்பு கெட்டிருந்தால் அண்ணி சொல்லியிருப்பார்.

ஆகஸ்டில் ஒவ்வொரு நாளும் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். பேராசிரியருக்கும் எதுவும் வரவில்லை. கடைசி வாரம் மூன்று முறை போன் செய்தேன். அண்ணி எடுத்தார். மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருந்தாய். நீ என்ன மீனா?

நேற்றுக் குழு கூடியது. எல்லாவற்றையும் காட்டினேன். நாற்பத்தொரு தோல்வி, அந்த மேக்னட்டில் வந்தது, கழுவியதும் நின்றது, அமிலத்தில் இருந்த பல்லேடியத்தின் அளவு. பேராசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளித் தேர்வாளர் அம்மா, "இதுதான்மா வேலை" என்றார். ஐந்து வருடத்தில் என்னை யாரும் பாராட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதிவை ஒரு வருடம் நீட்டிக்கலாம் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

பிறகு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "முன்னாடி செஞ்சவர் உங்க அண்ணன்தானே? அவருக்கு இது தெரிஞ்சிருந்துதா? நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். அவருக்குத் தெரியாது."

அதை அறிக்கையில் எழுதினார்கள். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். வெளியே வந்து டப்பாவிலிருந்த தாளை உரித்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

என்னுடைய நோட்டில் தோல்வியைக்கூட நான் திருத்தி எழுதியதில்லை. உனக்காக இதைச் செய்தேன் என்று நினைத்துச் சந்தோஷப்படாதே. நீ எழுதாததால் செய்தேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அளவே இல்லை.

தங்கை


செப்டம்பர் 6

அண்ணா,

அம்மா நலம். நானே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவன் தப்பா, உன் தப்பா?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும்தான்மா" என்றேன்.

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. பேராசிரியருக்கு எழுதியதும் அன்றுதான் வந்தது. உள்ளே நீ போட்டிருக்கும் தேதி ஆகஸ்ட் 12. உறையின் மேல் தபால் முத்திரை ஆகஸ்ட் 26. பதினான்கு நாள் அது எங்கே இருந்தது? உன் கைப்பையிலா? தொழிற்சாலை மேசையிலா? தினமும் எடுத்துப் பார்த்து, நாளைக்குப் போடலாம் என்று திரும்ப வைத்தாயா? நான் போன் செய்தபோதெல்லாம் அது அங்கேதான் இருந்ததா?

பேராசிரியர் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள். ஒன்று நீ எழுதியது, இன்னொன்று நான் கையெழுத்துப் போட்டது. "ரெண்டுல எதும்மா உண்மை?" என்று கேட்டார்.

"அண்ணன் எழுதினதுதான் சார்."

"அப்போ நீ போட்ட கையெழுத்து?"

அவர் இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

பதிவு நீட்டிப்பை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் பொய் சொன்னவள் மற்ற இடத்தில் சொல்லியிருக்க மாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதனால் நான் செய்த அத்தனையையும், தோல்விகள் உட்பட, வேறொருவர் முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டுமாம். அதுவரை நான் ஆய்வகத்துக்குள் போகக் கூடாது. அந்தத் தேர்வாளர் அம்மாவை வழியில் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகப் போய்விட்டார்.

எட்டு மாதம் உன்னை வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நான் பொய் சொல்லி முடித்த மூன்றாம் நாள் உன் உண்மை வந்து சேர்ந்திருக்கிறது.

பேராசிரியருக்கு மறுபடியும் ஒரு கடிதம் எழுது. நீ எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். 'இதில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை' என்ற வரி. நீ எழுதிய அன்று அது சரியாகத்தான் இருந்தது.

அன்றே தபாலில் போட்டிருந்தால் இன்றும் சரியாக இருந்திருக்கும்.

உன் தங்கை